பெஞ்சுக்கு வட்டம் போட்ட வரைபடம்

அத்தியாயம் 7

“கொட்டிக் காட்டும்மா. இதுல என்ன வெட்கம், ஒன்பது நாளா எல்லாரும் ஒரே பஸ்ஸுலதானே உருண்டோம்,” என்றார் முதல் வரிசை மாமா.

மாமியாரோடும் கணவனோடும் வந்ததால் நாங்கள் மருமகள் என்று பெயர் வைத்திருந்த பெண், கைப்பையைச் சாப்பாட்டு மேசை மேல் கவிழ்த்தாள். சீப்பு, தலைவலித் தைலம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், சேஃப்டி பின் கொத்து, ஒற்றைக் காலுறை. ஹேர்பின் ஒன்று துள்ளி மாமாவின் சூப்பில் விழுந்தது. பாஸ்போர்ட் மட்டும் விழவில்லை.

“என் சூப்பு,” என்றார் மாமா.

ஒரு பெண் கண் காணாத ஊரில் தனியாக நிற்கப் போகிறாள், இவருக்குச் சூப் கவலை. எனக்கு அந்த ஆளை முதல் நாளிலிருந்தே ஆகாது. பஸ்ஸில் முதல் வரிசை தனக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கி, மலையையும் கடலையும் எங்களுக்குத் தன் வழுக்கையின் இரண்டு பக்கமாகக் காட்டியவர்.

நடந்தது இதுதான். எங்கள் டூர் மேனேஜருக்குக் கொடிக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். அந்த மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டேதான் குளிப்பார் என்பது என் சந்தேகம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி நாள் மதியச் சாப்பாட்டின்போது மேசை மேசையாக வந்து, ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்து, பட்டியலில் ஒரு டிக் அடிப்பார். அன்றும் வந்தார். மருமகள் தன்னுடைய பச்சை உறையை நீட்டினாள். டூர் கம்பெனி முப்பத்து நாலு பேருக்கும் இலவசமாகக் கொடுத்த அதே பச்சை உறை. கொடிக்காரர் பிரித்தார். உள்ளே பாஸ்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காகிதம் தடிமனாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் பார்த்த பூந்தோட்டத்தின் வரைபடம்.

“ரெண்டரைக்கு பஸ் கிளம்பியே ஆகணும்,” என்றார் கொடிக்காரர். “ஆறு மணிக்கு ஃப்ளைட். இன்னிக்கு சனிக்கிழமை. தூதரகம் திங்கட்கிழமைதான் திறப்பாங்க. அதுக்கப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் பதிலா ஒரு மாத்துச் சீட்டு வாங்கிக் கிளம்பணும்னா புதன் வியாழன் ஆயிடும்.”

மருமகளுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. “திங்கட்கிழமை காலைல பத்து மணிக்குள்ள நான் வேலைல சேரணும் சார். ஆர்டர்லயே போட்டிருக்கு. வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

அது எங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். தண்ணீரைச் சோதிக்கும் ஓர் அரசு ஆய்வகத்தில் வேலை. நாலு தடவை பரீட்சை எழுதி நாலாவதில் தேறியிருந்தாள். அதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். அவள் மாமியார் ஒன்பது நாளும் சொன்னார், வேறு ராகத்தில்.

“கைல இருக்கிறதை வெச்சுக்கத் தெரியல. இவ ஊர்த் தண்ணியைக் காப்பாத்தப் போறாளாம்,” என்றார் மாமியார் இப்போதும்.

“ஒருத்தர் கவனக்குறைவுக்கு முப்பத்து மூணு பேர் காத்திருக்க முடியாது,” என்றார் மாமா. நாலு மேசையிலிருந்து ஆமாம் என்று குரல் வந்தது. தோட்டத்தில் அவளிடம் போனைக் கொடுத்துத் தங்களைப் படம் எடுக்கச் சொன்னவர்கள்தான் அந்த நாலு மேசையும்.

அப்போது அவள் கணவன் எழுந்தான். டூர் முழுக்க ஊரார் பெட்டிகளை ஏற்றி இறக்கியதால் அவனுக்குப் பைதூக்கி என்று செல்லப் பெயர். “நீங்க யாரும் சிரமப்பட வேணாம். அம்மாவை மட்டும் பத்திரமா கூட்டிட்டுப் போங்க. நான் இவகூட இருந்து வியாழக்கிழமை அழைச்சிட்டு வர்றேன். வேலை போனா போகட்டும். அவளுக்கு நான் என்ன குறை வெச்சிருக்கேன்?”

“தங்கமான பையன்,” என்றது ஒரு மேசை. தங்கம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தது.

என் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அந்த வரைபடத்தை எடுத்தது. அண்ணியின் கை.

அண்ணி துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் அவருக்கு உதவியாளன், கணவரின் தம்பி என்ற ஒரே தகுதியில். அண்ணனுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போனதால் இந்தச் சுற்றுலாவிலும் அவர் இடத்தில் நான். அண்ணி ஓய்வுக்காக வந்தவர். ஒன்பது நாளாக ஓய்வெடுத்து அவருக்கு உடம்பே சரியில்லாமல் இருந்தது. இப்போது கண்ணில் களை வந்துவிட்டது.

“ஒரு மணி இருபது. எனக்கு ரெண்டரை வரைக்கும் நேரம் குடுங்க,” என்றார் கொடிக்காரரிடம். “தம்பி, நீங்க தட்டோட வாங்க.”

மருமகளைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

“கடைசியா பாஸ்போர்ட்டைக் கண்ணால பார்த்தது எப்போ?”

“தோட்டத்துல இருந்து கிளம்புனதும் அக்கா. ஏர்போர்ட்ல குடுக்கணும்னு ஒரு படிவம் குடுத்தாரே, அதை நிரப்ப பஸ்ல எடுத்தேன். திரும்ப உறைக்குள்ள நான்தான் வெச்சேன்.”

“அதுக்கப்புறம் பை உன் கையை விட்டுப் போச்சா?”

“ரெண்டு தடவை. வழியில பஸ் நின்னப்போ பாத்ரூம் போனேன், அவர்கிட்ட குடுத்துட்டுப் போனேன். அப்புறம் பெரிய கடையில ஒரு செருப்பு போட்டுப் பார்க்கிறப்போ அத்தைகிட்ட குடுத்தேன்.” குரல் தேய்ந்தது. “அக்கா, நான் யாரையும் சொல்லல.”

“நீ சொல்ல வேணாம்மா. ரெண்டு பேரைத் தட்டுல வெச்சுக் குடுத்ததே போதும்,” என்றேன்.

அவள் போனதும் அண்ணி வரைபடத்தை விரித்தார். குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடிக்காரர் கொடுத்தது. எங்களுடையதில் நான் ரோஜா வளைவுக்கு மீசை வரைந்திருந்தேன். இதில் பேனாவால் வட்டங்கள் போட்டிருந்தது. பதினோரு வட்டம். ஒன்றுகூடப் பூவின் மேல் இல்லை. குளத்தங்கரை, கண்ணாடி வீட்டு வாசல், கழிப்பறைக்கு எதிர்ப்பக்கம்.

“என்ன தெரியுது தம்பி?”

“பூவைப் பார்க்கப் பிடிக்காத ஆள்.”

“முட்டி வலிக்கிற ஆள். பதினோரு வட்டமும் பெஞ்சு இருக்கிற இடம்.”

அந்தக் கூட்டத்தில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் படகு மாதிரி போய்ச் சேர்ந்தவர் ஒருவர்தான். மாமியார். குட்டு இவ்வளவு சீக்கிரம் வெளிப்பட்டது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பாதி ரொட்டிகூட முடியவில்லை.

திரும்பி வந்தோம். அண்ணி வரைபடத்தை மாமியாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது உங்களுதா?”

“ஏம்மா, துப்புத் துலக்கறேன்னு சோத்துத் தட்டுலயா கையை வைக்கறே?” என்று பொங்கியவர் காகிதத்தைப் பார்த்தார். வட்டங்களைப் பார்த்தார். ஒன்பது நாளாக ஓயாத வாய் பாதியில் நின்றது. ஒரே ஒரு கணம் அவர் தலை இடது பக்கம் திரும்பப் பார்த்தது. பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்ட மாதிரி நேராக நின்றுவிட்டது.

“என்னுதுதான். நான்தான் எடுத்தேன்,” என்றார்.

எல்லா மேசைத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின.

“இவ வேலைக்குப் போறது எனக்குப் பிடிக்கல. அதான் எடுத்தேன். இப்ப என்ன, என்னைத் தூக்குல போடப் போறீங்களா?”

“பாஸ்போர்ட் எங்கம்மா?” கொடிக்காரர் கிட்டத்தட்ட அழுதார்.

“குளத்துல போட்டுட்டேன். அந்தத் தாமரைக் குளத்துல. போய் முங்கி எடுத்துக்கோ.”

கூட்டம் ஒரு நிமிடத்தில் கட்சி மாறியது. சற்று முன் மருமகளைத் திட்டிய அதே வாய்கள் இப்போது மாமியாரைப் பிடித்துக்கொண்டன. பெரிய மனுஷியா இது, இப்படியும் ஒரு ஜென்மமா, இவங்களோட ஒரே பஸ்ஸுல எப்படிப் போறது. முதல் வரிசை மாமா போலீஸைக் கூப்பிடச் சொன்னார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மருமகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது பக்கத்து நாற்காலியில் பைதூக்கி தலையைக் குனிந்தபடி ரொட்டியை மென்றுகொண்டிருந்தான்.

எனக்கு அந்தக் கிழவியின் மேல் வெறுப்பு தலைக்கேறியது, மறைப்பானேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து மறுபடி கை கழுவும் இடத்துக்கு இழுத்து வந்தார்.

“கேஸ் முடிஞ்சுது அண்ணி. போய் ரெண்டாவது தடவை ரொட்டி வாங்கட்டுமா?”

“மருமக பாஸ்போர்ட்டைக் கடைசியா பார்த்தது எங்க?”

“பஸ்ல.”

“தோட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி,” என்றேன். தோட்டத்தை விட்டு வந்த பிறகு பஸ்ஸில் கையில் இருந்த பாஸ்போர்ட்டை எந்தக் குளத்தில் போட முடியும்?

“அந்தம்மாவுக்கு எங்க வெச்சிருக்குன்னே தெரியாது. மேப்பைப் பார்த்ததும்தான் யாரு எடுத்தான்னு தெரிஞ்சுது,” என்றார் அண்ணி. “தோட்டத்துல அந்தம்மா கையில பை, குடை, தண்ணி பாட்டில். வெளியில வர்றப்போ மேப்பை யார்கிட்ட குடுத்திருப்பாங்க?”

“பைதூக்கிகிட்ட. ஆனா அண்ணி, மேப்பை வெச்சு அவன்தான்னு நிரூபிக்க முடியாதே. அம்மாதான் ஒத்துக்கிட்டாங்களே.”

“கொடிக்காரர் பாஸ்போர்ட் பார்த்தப்போ எல்லாரும் எப்படிக் குடுத்தோம்?”

“உறையோட நீட்டினோம். அவர் பிரிச்சுப் பார்த்தார்.”

“ஒரே ஒரு ஆள் மட்டும் உறையைப் பாக்கெட்டுலயே வெச்சுக்கிட்டு, பாஸ்போர்ட்டை மட்டும் உருவி, போட்டோ பக்கத்தைத் திறந்து நீட்டினார். மரியாதைன்னு நெனச்சேன். இப்போ வேற ஒண்ணு ஞாபகம் வருது. பெரிய கடையில அவர் கடிகாரம் வாங்கினப்போ வரிசைல அவருக்குப் பின்னாடி நீங்கதானே நின்னீங்க? என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“கறுப்பு வார் வெச்ச ஆம்பிளை கடிகாரம். அம்மா தூரத்துல இருந்து பழுப்பு வாங்குடான்னு கத்துனாங்க. அவன் திரும்பி அம்மாகூட சண்டை போட்டுக்கிட்டே வரிக் கழிவுக்காக உறையை நீட்டினான். கல்லாவுல இருந்த பொண்ணு அதுல இருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, படத்தைப் பார்த்தா, அவன் முகத்தைப் பார்த்தா, உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. எனக்கும் பாஸ்போர்ட் படத்துல மூஞ்சி அப்படித்தான், மத்தவங்க சிரிச்சா நமக்கென்னன்னு…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே கையைத் துடைத்தார்.

“தம்பி, நீங்க ஜோக்குன்னு நெனச்சு வெச்சிருக்கிறதெல்லாம் எனக்குச் சாட்சி. வாங்க.”

வெளிநாட்டுக் கடைகளின் இந்த வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வந்தவர் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பொருள் வாங்கினால், கட்டிய வரியில் ஒரு பகுதியை விமான நிலையத்தில் திருப்பித் தருவார்கள். பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு ஒரு படிவம் அச்சாகும். வாங்கியவர் அடியில் கையெழுத்துப் போட்டால், கடையில் அதை ஒரு கவரில் போட்டு ஒட்டித் தந்துவிடுவார்கள். நம் ஆட்கள் நயாகராவையே பக்கத்தில் ஓட விட்டாலும் திரும்பிப் பார்க்காமல் அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அண்ணி கொடிக்காரர் காதில் ஏதோ சொன்னார். கொடிக்காரர் கொடியை உயர்த்தினார்.

“கடையில வரிக் கழிவு வாங்கினவங்க எல்லாரும் கவரை இப்பவே என்கிட்ட குடுங்க. ஏர்போர்ட்ல கூட்டம் அதிகமாம். நானே மொத்தமா முடிச்சுத் தர்றேன்.”

மாமியாரைத் தூக்கில் போட வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த கூட்டம், அதை அப்படியே விட்டுவிட்டு வரிசையில் நின்றது. முதல் வரிசை மாமா அங்கேயும் முதலில். பைதூக்கி ஆறாவதாக வந்து, மென்றுகொண்டே, ஒட்டிய கவரை நீட்டினான்.

அதை மட்டும் கொடிக்காரர் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி ஓரத்தைக் கிழித்தார். படிவத்தை எடுத்து உரக்கப் படிக்காமல் மருமகளிடம் தந்தார்.

“இது யார் பேரும்மா?”

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். “என் பேரு. என் பாஸ்போர்ட் நம்பர்.” விரல் கீழே இறங்கியது. “கையெழுத்து இவரோடது.”

“மேல நேரம் போட்டிருக்கும் பாரு.”

“பன்னிரண்டு பத்து.”

“தோட்டத்துக் குளத்துல முங்கின பாஸ்போர்ட் பன்னிரண்டு பத்துக்கு ஈரம் காயாம கடைக்கு வந்து கறுப்பு வார் கடிகாரம் வாங்கியிருக்கு,” என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அண்ணி பைதூக்கியின் முன்னால் கையை நீட்டினார். “உறையை எடுங்க சார். அதுல ரெண்டு இருக்கு. ரெண்டு பாஸ்போர்ட்டையும் ஒரே உறையில போட்டீங்க. அம்மாகூட வாரோட நிறத்துக்குச் சண்டை போட்ட நேரத்துல கடைக்காரப் பொண்ணு மேல இருந்ததை எடுத்துட்டா. பொஞ்சாதி பேர்ல வாங்கறார்னு சிரிச்சுக்கிட்டே அச்சடிச்சுக் குடுத்துட்டா. கவரை ஒட்டிட்டதால நீங்க பார்க்கல. கையெழுத்தை மட்டும் படிக்காம போட்டீங்க.”

அவன் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போகவில்லை. கொடிக்காரர்தான் உருவினார். ஒன்பது நாளில் அந்த மனிதர் யார் மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. பச்சை உறை புடைத்திருந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் மேசை மேல் விழுந்தன.

“மூணு நாலு நாள்தானே தள்ளிப் போகும்,” என்றான் பைதூக்கி. அவனுடைய அந்த மெதுவான, பெட்டி தூக்கும் குரலிலேயே. “நானும் கூடத்தானே இருந்திருப்பேன். தனியா விட்டுட்டா போகப் போறேன்? வேலைக்குப் போகாதேன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா, அவளையே கேளுங்க.”

“சொல்லல,” என்றாள் மருமகள். “சந்தோஷம்னுதான் சொன்னீங்க. ஆர்டர் வந்தப்போ ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்க.” தன் பாஸ்போர்ட்டை எடுத்து, கைப்பையில் போடாமல், இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

அவன் அம்மா பக்கம் திரும்பினான். “அம்மா, நீயாவது எடுத்துச் சொல்லும்மா. உனக்காகவும்தானே…”

மாமியார் மேசையைப் பிடித்து, முட்டியை ஒன்றன் பின் ஒன்றாக நிமிர்த்தி, எழுந்து நின்றார். கூட்டம் தானாக விலகியது.

“எனக்கு இவளைப் பிடிக்காது. இவ வேலைக்குப் போறதும் பிடிக்காது. அதை இவ மூஞ்சிக்கு நேராச் சொன்னேன், தினமும் சொன்னேன். ஒரு நாளாவது இவ பைக்குள்ள கையை விட்டேனாடா?”

“அம்மா…”

“நான்தான் எடுத்தேன்னு சொன்னேனே. இத்தனை பேரு என்னைக் காறித் துப்பினாங்களே. அப்ப நீ என்னடா பண்ணிட்டிருந்தே?”

அவன் மேசை மேல் கிடந்த தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டான்.

“ரொட்டியை மென்னுட்டிருந்தே.”

அதைச் சொல்லும்போதுதான் அந்தக் குரல் முதல் தடவையாக உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். சற்று முன் நான் வெறுத்தது இந்த மனுஷியைத்தான் என்பதை நினைக்க எனக்குக் கூசியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால், கேட்டிருந்தால் அறைந்திருப்பார்.

மணி இரண்டு இருபது. கொடிக்காரர் கொடியைத் தூக்கிவிட்டார். முதல் வரிசை மாமா எல்லோருக்கும் முன்னால் ஓடி பஸ்ஸில் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, உலகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பின்னாலேயே மாமியார் ஏறினார். அந்த முட்டியோடு மூன்று படி. மாமாவின் முன் நின்றார்.

“எந்திரி.”

“அம்மா, இது என் சீட்டு. ஒன்பது நாளா…”

“ஒன்பது நாள் உட்கார்ந்துட்டே இல்ல, எந்திரி. போய் அவன் பக்கத்துல உட்காரு.”

மாமா எழுந்து போனார். சத்தியமாகப் போனார். வந்த சுற்றுலாவிலேயே நான் பார்த்த பெரிய அதிசயம் அதுதான். கடைசி வரிசையில் பைதூக்கி தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் மாமா முனகிக்கொண்டே அமர்ந்தார். அன்றைக்குப் பெட்டிகளை அவரவர்களே ஏற்றிக்கொண்டார்கள்.

மாமியார் மருமகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தான் வழியை அடைத்து உட்கார்ந்தார். கையில் கடையின் பை இருந்தது. அதிலிருந்து கடிகாரப் பெட்டியை எடுத்து அவள் மடியில் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

“கட்டிக்கோ.”

“அத்தை, இது அவருக்கு…”

“படிவம் யார் பேர்ல இருக்கு? உன் பேர்ல. அப்ப பொருளும் உன்னுது. திங்கட்கிழமை பத்து மணின்னா ஒன்பதே முக்காலுக்கே போய் நில்லு. லேட்டாப் போய் நின்னு என் மானத்தை வாங்காதே.”

அவள் கட்டிக்கொண்டாள். ஆம்பிளைக் கடிகாரம், கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கை வரை சறுக்கியது. மாமியார் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவளுடைய கைப்பையைத் துழாவி, சேஃப்டி பின் கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, வாரை மடித்துக் குத்தினார். அவள் தோலில் படாமல் குத்த அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

“பழுப்பு வாங்கச் சொன்னேன்,” என்றார். “எவன் கேட்டான்.”